கிருத்திகைக் கஷாயம்

கட்டிய மனைவியைப் புகழ்ந்து பேசுகிறவனை எங்கள் ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பெண்டாட்டிதாசன் என்று பெயர் வைத்து, டீக்கடையில் அவன் தலை தெரிந்ததும் தொண்டையைச் செருமுவார்கள். செருமட்டும். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. அவளுக்கு இரண்டும் நேர்மாறு. அவள் முனைவர் பட்டம் வாங்கிய கதையை நான்தான் சொல்லியாக வேண்டும். அவளைக் கேட்டால் இரண்டே வரியில் முடித்துக்கொண்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவாள்.

திருத்தணியில் மலையடிவாரத்துக் கடைத்தெருவில் தொண்ணூறுகளில் போட்டோ ஸ்டூடியோ வைத்தேன். மொட்டை, காதுகுத்து, காவடி, மாலையும் கழுத்துமாக மலையிலிருந்து இறங்கிவரும் கல்யாண ஜோடி, இவைதான் என் பிழைப்பு. அந்தச் சமயத்தில்தான் எனக்கும் கல்யாணம் ஆனது. அவள் அரக்கோணத்து ரயில்வே ஊழியர் வீட்டுப் பெண், தாவரவியல் படித்தவள். பிறகு, ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. இரண்டாயிரத்துக்கு அப்புறம், நான் டிஜிட்டல் கேமரா வாங்கி இருட்டறைக்கு ஒரேயடியாகக் கும்பிடு போட்ட காலத்தில், அவள் அதே கல்லூரியில் பகுதி நேர ஆய்வு மாணவியாகவும் சேர்ந்தாள்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரோரம் தானாக முளைத்துக் கிடந்த குப்பைமேனியைக் காட்டினாள்.

"இந்த இலைய வெச்சு வெள்ளியப் பொடி பண்ணப் போறேங்க" என்றாள்.

"வெள்ளியப் பொடி பண்ணணும்னா ஆசாரிகிட்ட குடு. அரம் வெச்சு ராவிக் குடுப்பாரு."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வெள்ளி நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்தால் நிறமே இருக்காது என்றாள். அதில் இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றைச் சேர்த்தால், சாற்றில் இருக்கும் சத்து அந்த வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் திரட்டிவிடும். அப்போது தண்ணீர் பழுப்பாக மாறும். அந்தத் துகள்களுக்குக் கிருமியை ஒடுக்கும் குணம் உண்டு. அவற்றைத் துணியில் ஏற்றிப் புண்ணுக்குக் கட்டலாமா என்று உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதே துகள்களை வீரியமான ரசாயனங்களை ஊற்றியும் செய்யலாம். ஆனால் புண்ணில் வைக்கப்போகிற பொருளை விஷத்தில் பிறக்கவைப்பானேன், இலையே அந்த வேலையைச் செய்யும்போது என்பது அவள் கட்சி. இத்தனை வருஷம் வெள்ளி பூசிய பிலிமைக் கழுவியே சோறு தின்றவன் நான். அதே வெள்ளி மருந்தாகவும் போகும் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

கல்லூரியில் வகுப்பு தொடங்குவதற்குள் இலையைப் பறித்து வேகவைக்க நேரம் இருக்காது. அதனால் அந்த வேலை வீட்டில்தான். முந்தின நாள் பறித்து, பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் கழுவி உலர்த்திய இலையை, காலையில் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டுச் சின்னத் தீயில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். வந்து இறக்கி, ஆறவிட்டு, வடிகட்டிப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ரயிலைப் பிடிப்பாள். பக்கத்து சீட்டுப் பெண்கள் காபி என்று நினைத்துக் கேட்டதும் உண்டாம்.

முதல் முறையே பழுப்பு வந்தது. அடுத்தடுத்த முறைகளிலும் வந்தது. ஒரு குட்டி சீசாவில் எடுத்துவந்து காட்டினாள். பால் விடாத டீ டிகாக்ஷன் மாதிரி, ஆனால் அதைவிடத் தெளிவாக இருந்தது. ஸ்டூடியோ விளக்கைப் போட்டு, வெள்ளைத் திரைக்கு முன்னால் வைத்து அதைப் படம் எடுத்தேன். என் ஸ்டூடியோவில் அழாமல் ஆடாமல் போஸ் கொடுத்த முதல் பிறவி அதுதான். அவளுடைய வழிகாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார்.

இதெல்லாம் நடந்தபோது என் அம்மா நகரியில் இருந்தாள். என் தங்கைக்குப் பிரசவம். ஒத்தாசைக்குப் போனவள் நவராத்திரி முடிந்துதான் திரும்பினாள். வந்ததும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மே இது, குப்பைமேனியா? சொறி சிரங்குக்குப் போடறத வெச்சுகினா நீ டாக்டர் பட்டம் வாங்கப் போற?"

"ஆங், அத்தை. நீங்க சொறிக்குப் போட்டதத்தான் நான் புண்ணுக்குப் போடலாமான்னு பாக்கறேன்."

அம்மா முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனாள். ஆனால் அன்று மாலையே, பக்கத்து வீட்டில் தன் மருமகள் மருந்து கண்டுபிடிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது.

அதற்குப் பிறகுதான் கெட்டது. வெள்ளிக் கரைசலில் சாற்றை ஊற்றினால், பழுப்பாக மாறவேண்டியது பால் திரிந்தாற்போல வெள்ளை வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்தது. ஒரு முறை அல்ல, ஊற்றிய ஒவ்வொரு முறையும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு எழுதிய யாருக்கும் இது தெரிந்த விஷயம்தான் என்றாள். உப்பு கலந்த தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் விழுந்தால் இப்படித்தான் திரியும். ஆக, எங்கிருந்தோ உப்பு வருகிறது. எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். முதலில் அதன்மேல்தான் பழி விழுந்தது. பாத்திரத்தைக் குழாயடிக்கே கொண்டுபோகாமல் டிஸ்டில்ட் வாட்டரிலேயே கழுவினாள். திரிந்தது. தண்ணீர் கேனைச் சோதித்தாள், தண்ணீர் சுத்தம். பாத்திரத்தைச் சோதித்தாள், அதுவும் சுத்தம். இலையைக் கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டு வெள்ளிக் கரைசல் விட்டுப் பார்த்தாள், அதுவும் பளிங்கு மாதிரி இருந்தது. கொல்லை மண்தான் உப்பேறிவிட்டது என்று முடிவு கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து குப்பைமேனி தேடப் புறப்பட்டாள். கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பறித்தோம். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புத் தோட்டத்து வரப்பில் பறித்தோம். "மாட்டுக்கா சார்?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாங்க, நான்தான் அந்த மாடு" என்றேன். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே பறித்தாள். எல்லா ஊர் இலையும் எங்கள் அடுப்பில் ஏறி இறங்கியதும் ஒற்றுமையாகத் திரிந்தது.

ஒரு நாள் மாலை ரயிலிலிருந்து இறங்கி வந்தவள் நேரே சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். சத்தம் கடைத்தெரு வரை கேட்டிருக்கும். அவள் அழுகிற ஜாதி இல்லை; கோபமோ துக்கமோ, பாத்திரம்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். கடைசிப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்.

"கைடு கேட்டாருங்க. இப்ப வரலன்னா, முதல்ல மட்டும் எப்படிம்மா வந்துச்சு? அந்த பாட்டில்ல நீ வேற எதுனா... அப்படின்னு பாதியில நிறுத்திட்டாரு."

"நிறுத்தாம முழுசாச் சொல்லச் சொல்லு. நான் வந்து கேக்கறேன் அந்த ஆள."

"நீங்க வந்து கேட்டா வெள்ளை பழுப்பாயிடுமா?" என்றாள். "பொங்கலுக்குள்ள அவர் கண்ணு முன்னாடி வரணுமாம். இல்லன்னா தலைப்ப மாத்திக்கலாம்ங்கறாரு. தலைப்ப மாத்திக்கலாங்க. நான் பொய் சொன்னேன்னு ஆயிடுச்சுன்னா அத எங்க போய் மாத்தறது?"

வேறு யாராவதாக இருந்தால் குறுக்குவழி தேடியிருப்பார்கள். கடையில் வாங்கிய துகளையே கலந்து காட்ட முடியுமாம், அவளே சொன்னாள். இன்னொரு செடியைப் பார்த்துக்கொள்ளலாமே என்று நானே சொன்னேன். "வந்தது நிஜங்க. ஏன் நின்னுச்சுன்னு தெரியாம நான் வேற செடிக்குப் போக மாட்டேன்" என்றாள். மறுநாள் காலை வழக்கம்போல அடுப்பில் பாத்திரம் ஏறியது.

ஐப்பசி மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் கல்லூரியிலிருந்து போன் செய்தாள். பழுப்பு வந்துவிட்டது. அன்று கிருத்திகை. ஸ்டூடியோ மொட்டைத் தலைகளாக நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, நான் ஒரு குழந்தையின் மொட்டையில் சந்தனத்தைச் சரிசெய்துகொண்டே "ஓ!" என்று கத்திவிட்டேன், குழந்தை அழுதுவிட்டது. மறுநாள் வழிகாட்டியின் முன்னால் திரும்பச் செய்தாள். வெள்ளை! அவர் அப்படியே எழுந்து போய்விட்டாராம். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றாள்.

கார்த்திகை மாதக் கிருத்திகையும் வந்தது. மறுபடி பழுப்பு. அடுத்த நாள் மறுபடி வெள்ளை.

அம்மாவுக்குப் புல்லரித்துப் போனது. "பாத்தியா நைனா, அந்தத் தணிகைமலையான் தன் நாள்ல மட்டும் குடுக்கறான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. கைடைக் கிருத்திகை அன்று வரச் சொல், மொட்டையும் போட்டுவிடலாம், கஷாயத்தையும் காட்டிவிடலாம் என்றேன்.

"முருகன் குடுத்தா தினமும் குடுப்பாருங்க. கிழமை பாத்து இது வேலை செய்யாது" என்றாள் அவள். "கிருத்திகை அன்னைக்கு நம்ம வீட்டுல என்ன இருக்குது? இல்ல, என்ன இல்ல?"

"கருவாடு இல்ல" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் அதையும் விடவில்லை. மீனும் கருவாடும் புழங்கும் அலமாரி, கரண்டி, பிடிதுணி எல்லாவற்றையும் தனியாக ஒதுக்கிவைத்தாள். அதன் பிறகும் திரிந்தது. இரண்டு நாள் யோசித்துக்கொண்டே திரிந்தவள், குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று கையை நிறுத்தினாள். கிருத்திகை என்றால் அம்மா விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விடுவாள், மதியத்துக்குத்தான் இறங்குவாள். முதலில் பழுப்பு வந்த மாதங்களில் அம்மா நகரியில். எனக்கு அவள் கணக்குப் புரிந்தபோது அவள் எழுந்து அம்மாவிடம் போயிருந்தாள்.

ஒளிந்திருந்து பார்க்கவில்லை, சாடையாகப் பேசவில்லை. நேராகக் கேட்டாள்.

"அத்தை, நான் குளிக்கப் போறப்போ அந்தப் பாத்திரத்துல நீங்க எதுனா போடறீங்களா?"

"பின்ன?" என்றாள் அம்மா. முகத்தில் கள்ளமே இல்லை, பெருமைதான் இருந்தது. "குப்பைமேனிக்கு உப்பு போடாம எந்த ஊர்ல மருந்து பண்ணுவாங்க? உப்பு சேத்து அரைச்சாத்தான் சொறி கேக்கும். உங்க அரக்கோணத்துல சொல்லிக் குடுக்கல போல. சொன்னா, படிச்ச பொண்ணு, நொந்துக்கும்னுட்டு நானாப் பாத்து ஒரு சிட்டிகை போட்டுகினு வரேன். அதுக்கு இன்னா இப்போ?"

எனக்கு வந்ததே கோபம். மாதக்கணக்கில் அவள் பட்டபாடு, அந்த மனுஷன் பாதியில் நிறுத்திய வாக்கியம், என் ஸ்கூட்டர் பெட்ரோல், எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு ஏற, அம்மா என்றும் பாராமல் கத்தினேன். என் மனைவியோ சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்பின் நடுவே என்னைப் பார்த்து, வாயை மூடுங்கள் என்று கைகாட்டினாள்.

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் கெடுத்துட்டேனா?" என்றாள் மெதுவாக.

"இல்ல அத்தை. எதுனால கெடுதுன்னு தெரியாமதான் கெட்டுப்போயிருந்தேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். பிறகு உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அம்மா முன் நீட்டினாள். "தினமும் எப்படி எடுப்பீங்களோ அப்படியே ஒரு சிட்டிகை எடுங்க."

அம்மா பயந்துகொண்டே எடுத்தாள். அவள் அதைக் காகிதத்தில் வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கல்லூரியில் அதை எடை போட்டாள். வழிகாட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் கண் முன்னாலேயே இலையை வேகவைத்து, ஒரே சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் அந்த உப்பைப் போட்டாள். உப்பு போட்டது திரிந்தது. போடாதது பொறுமையாகப் பழுத்தது. காரணத்தைச் சொன்னால் மட்டும் போதாதாம். தெரியாமல் நடந்த தப்பைத் தெரிந்தே ஒரு முறை நடத்திக் காட்டினால்தான் தப்பு பிடிபட்டதாக அர்த்தமாம். எனக்குத் தெரிந்த மனிதர்களில் தன் தோல்வியை இவ்வளவு அக்கறையாகத் திரும்பச் சமைத்தவள் அவள் ஒருத்திதான். வழிகாட்டி இரண்டு சீசாக்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரிம்மா, மேல பண்ணு" என்றாராம். அந்தப் பாதி வாக்கியத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை என்றாள். நான் எதிர்பார்த்தேன்.

பிறகு வேலை ஓடியது. கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில் அந்தப் பழுப்புத் துளியை வைத்தால், அதைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் ஒரு வட்டம் சுத்தமாக நிற்கும். அந்தத் தட்டுகளையும் நான்தான் படம் எடுத்தேன். மூடியைத் திறக்கக் கூடாது, மூச்சு விடக் கூடாது என்று என்னையே ஆட்டிவைத்தாள். அம்மா அந்தப் படத்தைப் பார்த்தாள். வெறுங்காலோடு மலையேறி ஏறி அவள் குதிகால் வெடித்துப் புண்ணாகியிருந்தது. காலை நீட்டிக் காட்டி, "எனக்குக் கொஞ்சம் ஊத்தும்மே" என்றாள்.

"ஊத்த மாட்டேன் அத்தை. தட்டுல கிருமி செத்தா கால்ல புண்ணு ஆறிடும்னு அர்த்தமில்ல. எவ்ளோ போட்டா உடம்புக்கு ஆகாதுன்னும் இன்னும் தெரியாது" என்றாள். மறுநாள் வகுப்பை மாற்றிக்கொண்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப்போட்டு அழைத்து வந்தாள். புண் ஆறியது. அம்மா தெருவெல்லாம் மருமகளின் வெள்ளி மருந்துதான் ஆற்றியது என்று பரப்பினாள். இவள் வீடு வீடாகப் போய், இல்லைங்க, ஆஸ்பத்திரி மருந்துதான் என்று திருத்தினாள். வீட்டுக்கு வந்த பெருமையைத் துரத்தித் துரத்தி விரட்டினால் நான் என்னதான் செய்வது?

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. அது பொதுமக்களும் உட்கார்ந்து பார்க்கும் தேர்வு. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எங்களோடு ரயிலேறினாள். கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளி மாநிலத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார், இவள் ஆங்கிலத்தில் சொன்னாள். திரையில் நான் எடுத்த படங்கள் வந்துகொண்டிருந்தன. பழுப்பு சீசா வந்தது, சுத்தமான வட்டம் வந்தது. பிறகு திரிந்த வெள்ளை சீசா வந்தது. அதை அவள் ஆய்வேட்டில் மறைக்காமல் ஒரு பகுதியாகவே எழுதியிருந்தாள்.

தேர்வாளர் அங்கே நிறுத்தினார். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் இவ்வளவு சாதாரணமான தவறை மாதக்கணக்கில் எப்படிச் செய்யலாம் என்று கேட்டார். குரலில் ஏளனம் இருந்தது. "என் கவனக்குறைவு. அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு நான் நகர்ந்திருக்கக் கூடாது" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தியே நின்றாள்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "இன்னா நைனா கேக்கறாரு? அது நான் உப்பு போட்ட சீசா மாதிரி இருக்குதே?" கேள்வியையும் பதிலையும் அவள் காதில் சொன்னேன். அம்மா என் கையை விட்டுவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

முடிவில் வழிகாட்டி எழுந்து, பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார். எல்லோரும் பக்கத்து அறையிலிருந்து வந்த சமோசா வாசனையைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் பட்டுப்புடவை சரசரத்தது.

"நான் ஒண்ணு சொல்லணுங்க" என்றாள் அம்மா. நான் இழுத்தும் உட்காரவில்லை. "அந்த உப்பு நான் போட்டதுங்க. குப்பைமேனிக்கு நாங்க உப்பு போடுவோங்க, அதனால போட்டேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. என்னை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு தன் தப்புன்னு சொல்லிகினு நிக்கறா. அவ பொய்யா எதையும் பண்ணலீங்க. அப்படி யாராச்சும் நெனச்சுகினு இருந்தா, நெனச்சது தப்புங்க."

கடைசி வாக்கியத்தை அம்மா வழிகாட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள். பாத்திரம் தேய்த்த அந்த மாலையில் அம்மா வீட்டில்தான் இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வழிகாட்டி அதைத் தேர்வாளருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவர் ஒரு வார்த்தையும் விடவில்லை. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் இறங்கியது. சொல்லி முடித்து என் மனைவி பக்கம் திரும்பி, "அப்படி நெனச்சது நான்தான்" என்று தமிழிலேயே சொன்னார்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். அம்மாவைப் பார்த்து, எவ்வளவு உப்பு என்று சைகையில் கேட்டார். அம்மா கட்டைவிரலையும் இரண்டு விரலையும் சேர்த்து உயர்த்திக் காட்டினாள். மேடையிலிருந்து அவள் அந்தச் சிட்டிகையின் எடையைச் சொன்னாள், தசமப் புள்ளியோடு. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கைக்கெட்டிய தூரத்தில் தேய்க்க ஒரு பாத்திரம்கூட அங்கே இல்லை.

திரும்பி வரும் ரயிலில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். அரக்கோணம் தாண்டியதும் மருமகளின் முழங்கையைத் தொட்டாள்.

"ஏம்மே, இனிமே குப்பைமேனிக்கு உப்பு போடலாமா, கூடாதா?"

"சொறிக்குன்னா போடுங்க அத்தை" என்றாள் டாக்டர். "என் அடுப்புல மட்டும் கேட்டுட்டுப் போடுங்க."